ஷெர்வின் அடிச்ச கேடயம்

ஹரோல்ட் வீட்டுப் பையன் ஷெர்வினுக்கு வேலை இருக்கு, பொண்டாட்டி இருக்கா, ஓட்ட ஒரு ஸ்கூட்டர் இருக்கு. கடவுள் குறை வைக்கல. ஆனா இதுல ஒண்ணையாவது நீயா சம்பாரிச்சியான்னு கேட்டா அவன் மூஞ்சி தொங்கிடும். வேலைக்கு அவங்கப்பா சொல்லி வச்சார். ரெபேக்காவைக் கட்டிக்கவும் அதே அப்பாதான் சொல்லி வச்சார். ஸ்கூட்டர் ரெபேக்காவோட அண்ணன் கல்யாணத்துக்குக் குடுத்தது. அதுவும் பெரியவர் ஜாடையா ஒரு வார்த்தை சொல்லி வச்சதால வந்ததுன்னு தெருவுக்கே தெரியும்.

ஹரோல்ட் அந்தக் காலத்துல எங்க ஊருத் தங்கச் சுரங்கத்து டைம் ஆபீஸ்ல இருந்தவர். எந்த ஷிஃப்டுல யார் இறங்கினான், எவன் மட்டம் போட்டான், எல்லாம் அவர் கையில. சுரங்கத்தை மூடிட்டாங்களே தவிர அந்தக் கையை யாரும் மூடல. யாருக்கு எது ஆகணும்னாலும், "இரு, நான் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்"னு கிளம்பிடுவார். நல்ல மனுஷன்தான், குத்தம் சொல்லக் கூடாது. ஆனா மகனுக்கு ஆனது எல்லாம் தன் வாயால ஆனதுன்னு மகனைப் பக்கத்துல வச்சுகினே சொல்லிகினு இருந்தா எந்த மகனுக்குத்தான் சோறு இறங்கும்? சர்ச்சு வாசல்ல யாராவது, தம்பி நல்லா கீறாரான்னு கேட்டாப் போதும். பெரியவர் தொண்டையைக் கனைச்சுகினு ஆரம்பிச்சுடுவார். ஷெர்வின் தன் செருப்பைப் பாத்துகினு நிப்பான்.

அதனால அவனுக்கு ஒரு ஆசை. ஒரே ஒரு பொருளு, தம்மாத்தூண்டா இருந்தாலும் பரவால்ல, இது நானே செஞ்சது, யாரும் யார்கிட்டயும் சொல்லி வைக்கல, பிடிச்சதால இன்னொருத்தன் வாங்கிகினு போனான்னு சொல்லணும். அவ்வளவுதான். பெரிய ஆசைன்னு சொல்ல முடியாது. ஆனா அதைத் தேடி அவன் போன இடம் இருக்கே, அதை நெனச்சாத்தான் சிரிப்பா வருது. போனுக்குள்ள போனான்.

எப்படிப் போனான்னு சொல்லணும்னா ரயிலைப் பத்திச் சொல்லணும். தங்கம் தோண்டின ஊரு இப்ப டிபன் பாக்ஸைத் தூக்கிகினு தினம் பெங்களூருக்குப் போய் வருது. காலையில மாரிக்குப்பத்துல கிளம்புறப்போ பெட்டி காலியா இருக்கும். சாம்பியன், ஊர்காம், கோரமண்டல்னு ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ரொம்பி, பங்காருபேட்டையில கால் வைக்க இடம் இருக்காது. அங்கேருந்து பெங்களூர் வரைக்கும் நின்னுகினு போனா, ஆபீஸ் போய்ச் சேரும்போதே ஆளு பாதி செத்திருப்பான். இந்த லட்சணத்துல மாரிக்குப்பத்துல ஏறுற ஆளுக்குத் தனி மரியாதை. ஷெர்வின் அங்கே ஏறுறவன். ஏறின உடனே துண்டு, குடை, டிபன் பை, நேத்து பேப்பர், மழைக்கோட்டுன்னு எதிரெதிர் ரெண்டு பெஞ்சு முழுக்கப் பரப்பிடுவான். யாராவது கை வச்சா, "ஆள் வராங்க." அந்த ஒரு வார்த்தைதான். வாய்ச்சண்டைக்கு அவன் அஞ்சினதே இல்ல. குடைமேல உக்காந்த போலீஸ்காரரையே எழுப்பி விட்டிருக்கான்.

சாம்பியன்ல எலைன் ஏறி அந்த இடத்துல உக்காருவா. பெங்களூர்ல ஒரு ஆஸ்பத்திரியில பில் போடுறவ, ஷெர்வினைவிட நாலஞ்சு வயசு பெரியவ, அதிகாரம் பண்ணவே பொறந்தவ. ஊர்காம்ல உதய், கம்ப்யூட்டர் கம்பெனி. கோரமண்டல்ல விநாயக், குடோன் சூப்பர்வைசர், எதுக்கெடுத்தாலும் சிரிப்பான். இன்னும் ரெண்டு மூணு பேரு. இவங்க அத்தனை பேரும் ரயில்ல உக்காந்ததும் தலையைக் குனிஞ்சுகினு ஒரே ஆட்டத்தை ஆடுவாங்க. ஏழு கோட்டைன்னு பேரு. ஊர் ஊரா ஆயிரக்கணக்குல ஆளுங்க ஒரே நேரத்துல போன்ல ஆடுறது. ஆளுக்கொரு வேஷம் கட்டணும், மிருகத்தை அடிக்கணும், லெவல் லெவலா ஏறணும், கூட்டம் சேர்த்துகினு கோட்டை புடிக்கணும். இவங்க கூட்டத்துக்கு வச்ச பேரு மாரிக்குப்பம் பாசஞ்சர். எலைன் கத்தியோட முன்னாடி நிப்பா, உதய் தூரத்துலேருந்து அம்பு விடுவான். ஷெர்வின் வைத்தியன். அடிபட்டவங்க மேல பச்சை வெளிச்சம் விட்டு உசுரு ஏத்துறது அவன் வேலை. லெவல் ஏறுறதைப் பத்தி அவன் ஒரு நாள் வீட்ல சொன்னதுக்கு, எங்க காலத்துல சுரங்கத்துல லெவல்னா இறங்குறதுடான்னுட்டு ஹரோல்ட் பேப்பரைப் புரட்டினார்.

அந்த ஆட்டத்துல கொல்லன் பட்டறையும் உண்டு. மலையில போய்க் கல்லை வெட்டி, உலையில போட்டு உருக்கி, சுத்தியலால அடிச்சா தொப்பியோ கவசமோ வரும். அடியில சின்ன எழுத்துல 'செய்தவர்: ஷெர்வின்'னு வரும். முதல் தடவை அதைப் பாத்தப்போ அவனுக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. போனைத் தூக்கிகினு சமையல்கட்டுக்கு ஓடி ரெபேக்காகிட்ட காட்டினான். அவ பாத்துட்டு, கேஸ் புக் பண்ணியான்னு கேட்டா.

உதய்தான் எடுத்துச் சொன்னான். நல்ல பையன், விவரம் தெரிஞ்சவன், நாலு வருஷமா ஆடுறவன். கடைசி லெவலைத் தொடுற வரைக்கும் யாரும் சொந்தமா செஞ்சு போட்டுக்கறது இல்ல, அது வீண் வேலைன்னான். நீ கல்லு வெட்டி, உருக்கி, ஒரு தொப்பி அடிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு லெவல் ஏறிப் போயிருப்பே, தொப்பி பத்தாது. அடிச்ச மிருகத்துக்கிட்டேருந்து விழுறதே அதைவிட நல்லதா இருக்கும், சும்மா குனிஞ்சு எடுத்துக்கோ. வளர்ற புள்ளைக்கு யாராவது அளவெடுத்துக் கோட்டு தைப்பாங்களா? உச்சியில போய் நின்னப்புறம் வேற கதை. எந்த மிருகமும் போடாத, எந்தக் கடையிலயும் விக்காத பொருளெல்லாம் அங்கேதான் இருக்கு, அதைச் செஞ்சவன்தான் ராஜா. அதுவரைக்கும் சுத்தியலைத் தொடாதே குருன்னு, யாரையும் குருன்னுதான் கூப்பிடுவான், கையைப் புடிச்சுச் சொன்னான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு நம்ம பெரியவங்க சொன்னதைத்தான் அவனும் சொன்னான். யாரு கேட்டா? ஷெர்வினுக்கு லெவலா வேணும்? பேருதானே வேணும்.

அதுலயும் அவன் முதல்ல பண்ணின வேலை இருக்கே, அதை நம்ம ஊரு ஆளைத் தவிர வேற எவனும் பண்ணியிருக்க மாட்டான். மலையில இரும்பு இருக்கு, செம்பு இருக்கு, தங்கமும் இருக்கு. மத்த ஊரு ஆளுங்க தங்கத்தைத் திரும்பிக்கூடப் பாக்காம இரும்பை வெட்டிகினு போறாங்க. இவன் மஞ்சக் கோட்டைப் பாறையில பாத்தான், பரம்பரை ரத்தம் ஏறிடுச்சு. தங்கம் பிரிச்சுக் கொட்டின சயனைடு மண்ணு மேட்டுல புரண்டு வளர்ந்த நமக்குத் தங்கத்தைப் பத்தி எவன் சொல்லிக் குடுக்கணும்னு வாரக்கணக்குல வெட்டினான். தலைக்குத் தங்கம், மாருக்குத் தங்கம், முட்டிக்குத் தங்கம். உற்சவமூர்த்தி கணக்கா ஜொலிச்சுகினு காட்டுக்குள்ள இறங்கினான். ஒரு பன்னிக்குட்டி, குட்டிதான், ரெண்டு முட்டு முட்டிச்சு. கவசம் அப்பளமாப் போச்சு. விநாயக் பங்காருபேட்டை வரைக்கும் வயித்தைப் புடிச்சுகினு சிரிச்சான். நூறு வருஷத்துக்கு மேல தோண்டின தங்கமெல்லாம் எங்கெங்கேயோ போச்சு. எங்க ஆளுங்க ஒரு நாளாவது போட்டுப் பாத்திருந்தாத்தானே அது மெத்துன்னு இருக்கும்னு தெரியும்?

சரி, புத்தி வந்துச்சு, இரும்புக்கு மாறினான். ரயில்ல, ஆபீஸ் கேன்டீன்ல, கக்கூஸ்ல, எங்கே நேரம் கெடச்சாலும் டங்கு டங்குன்னு அடிச்சான். வந்தது எல்லாம் இரும்புத் தொப்பி. கவுத்துப் போட்ட சோத்துக் குண்டான் மாதிரி இருக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு இல்லையா, அவன் கண்ணுக்கு அது ராஜ கிரீடம். ஆட்டத்துச் சந்தையில வரிசையா விக்க வச்சான். ஒருத்தன் சீண்டல. கெடு முடிஞ்சு எல்லாம் அவன் பைக்கே திரும்பி வந்துச்சு. மறுபடி வச்சான், மறுபடி வந்துச்சு.

அவன் சோர்ந்து போயிட்டான். பேச்சு கொறஞ்சுது. ஒரு நாள் டேக்கல் ஸ்டேஷன் தாண்டினதும் போனை மூடி வச்சுட்டு, இனிமே நான் ஆடப் போறதில்லன்னான். ஆட்டமே இல்லன்னா இந்த ரயில்ல மாங்கு மாங்குன்னு ஏறி எனக்கு இன்னா ஆகணும், ஸ்கூட்டர்ல பங்காருபேட்டை போய் வேற வண்டியைப் புடிச்சா இன்னும் அரை மணி தூங்கலாம்னான். எலைன் உதயைப் பாத்தா, உதய் விநாயக்கைப் பாத்தான். சிரிக்கிறதே தொழிலா வச்சிருந்த விநாயக்கே அன்னிக்கி சிரிக்கல.

அதிசயமா அந்த வாரமே தொப்பி விக்க ஆரம்பிச்சுது. ஒண்ணு போச்சு. மறுநாள் மூணு போச்சு. அப்புறம் வைக்க வைக்கக் காணாமப் போச்சு. வாங்கினவங்க பேரெல்லாம் கேள்விப்படாத பேரு. ஷெர்வின் உடம்புல காத்து அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. நடையே மாறிடுச்சு. இரும்பு எந்தச் சூட்டுல அடிக்கணும்னு உதய்க்கே பாடம் எடுத்தான். போன்ல சூடு ஏது? அதெல்லாம் அவன் கேக்கல. ரெபேக்காகிட்ட, என் சரக்குக்கு இன்னிக்கும் கிராக்கின்னு தினம் சொல்லுவான். அவ பாவம், எதுக்கோ கிராக்கி, நல்லதுதானேன்னு தோசையைத் திருப்புவா. ஹரோல்ட் மட்டும் ஆர்வமா விசாரிச்சார். யார் மூலமா விக்குதுன்னார். யார் மூலமாவும் இல்லப்பா, அதுவா விக்குதுன்னான் ஷெர்வின். அவன் அப்பாகிட்ட அந்த மாதிரி ஒரு வாக்கியம் பேசினது அதுதான் முதல் தடவை. பெரியவர், எதுக்கும் அந்த ஊர்காம் பையன் உதய்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டுமான்னு கேட்டார். ஷெர்வின் சோத்துத் தட்டை அப்படியே வச்சுட்டு எழுந்து போயிட்டான்.

எத்தனை நாளைக்குத்தான் ஊதின பலூன் நிக்கும்? அந்த ஆட்டத்துல வீடு கட்டிக்கலாம். உதய்க்குப் பெரிய வீடு, மூட்டை தூக்க ஒரு கழுதையும் வச்சிருந்தான். ஒரு நாள் காலையில, மருந்துக்குப் பச்சிலை கொஞ்சம் என் வீட்ல கீது, போய் எடுத்துக்கோ குருன்னான், எதிர் சீட்டுல உக்காந்து இட்லி தின்னுகினே. ஷெர்வின் போனான். பச்சிலை இருந்தது இடது பக்கக் கதவு, இவன் திறந்தது வலது பக்கம். அது கழுதைக் கொட்டில்.

கொட்டில் முழுக்க இரும்புத் தொப்பி. தரையில, சுவரோரமா, கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருந்துச்சு. ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்தான். செய்தவர் ஷெர்வின், செய்தவர் ஷெர்வின், செய்தவர் ஷெர்வின். நடுவுல கழுதை நின்னுச்சு. அதும் தலையிலயும் ஒண்ணு.

அவன் போனை மெதுவா திருப்பி உதய் மூஞ்சிக்கு நேரா காட்டினான். உதய்க்கு இட்லி தொண்டையில நின்னுச்சு. தண்ணியைக் குடிச்சுட்டு எலைனைப் பாத்தான். எலைன் ஜன்னலைப் பாத்தா. வேற வழியில்லாம உதய் சொன்னான்.

"நாங்கதான் குரு வாங்கினோம். வேற வேற பேருல. நீ கோவிச்சுகினு போயிட்டா சீட்டு போயிடும்னு பயம். பெங்களூர் வரைக்கும் நிக்கணுமே."

வேற எவனாவது இருந்தா கத்தியிருப்பான். ஷெர்வினுக்குக் கத்தக்கூட வரல. அவமானத்துல உடம்பே எரிஞ்சுது. அப்பா எவ்வளவோ தேவலாம்னு தோணிச்சு. அப்பா சொல்லி வச்சா ஊரறியச் சொல்லிடுவார். இவங்க சொல்லாம வச்சிருக்காங்க. வாரக்கணக்குல இவன் நெஞ்சை நிமித்திகினு திரிஞ்சதை ஒரு கழுதையும் அஞ்சாறு மனுஷங்களும் சேர்ந்து பாத்துகினு இருந்திருக்காங்க. எழுந்து போய்க் கதவுகிட்ட நின்னான். காலியான அவன் சீட்டுல விநாயக் காலை நீட்டிகினான்.

அதோட விட்டிருப்பான்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. விடல. மறுநாளும் மாரிக்குப்பத்துல ஏறினான், துண்டு போட்டான், குடை போட்டான், ஆள் வராங்கன்னான். யார்கிட்டயும் ஒரு வார்த்தை அதிகமாப் பேசல. சந்தை பக்கம் தலை வச்சுப் படுக்கல. வீம்பு. அவனுக்குள்ள அப்படி ஒரு வீம்பு இருந்தது அவனுக்கே அன்னிக்கித்தான் தெரிஞ்சுது. விழுந்த பொருளைக் குனிஞ்சு எடுத்துப் போட்டுகினு, உதய் அன்னிக்கிச் சொன்ன மாதிரியே லெவல் லெவலா ஏறினான். மழைக்காலம் போயி பனிக்காலம் வந்தப்போ உச்சியில நின்னான்.

உச்சியில ஒரு கேடயம் உண்டு. அதை எந்த மிருகமும் போடாது, எந்தக் கடையிலயும் கிடைக்காது, அடிச்சாத்தான் உண்டு. அதுக்கு இருட்டுக்கல்னு ஒரு கல்லு வேணும். அது பழைய சுரங்கத்துல கடைசி லெவல்ல கிடக்கு. நம்ம ஊரு சுரங்கம் மாதிரியே அதுவும் தண்ணி ரொம்பிக் கிடந்துச்சு. மூச்சைப் புடிச்சுகினு இறங்கணும், வழி தப்பினா சாவணும். மத்தவங்க கூட்டமாப் போவாங்க. வைத்தியன் ஒருத்தன் தனியா அங்கே இறங்குறது தற்கொலை. இவன் தனியாத்தான் இறங்கினான். செத்தான், மறுபடி இறங்கினான், மறுபடி செத்தான். மதியச் சாப்பாட்டு நேரம் பூரா முழுகிச் செத்துகினே இருந்தான். கடைசியில கல்லு வந்துச்சு. அடிச்சான். கேடயம் வந்துச்சு, கறுப்பா, கனமா, பாக்கவே கும்புடலாம்போல. யாரும் ஒரு பொடிக் கல்லுகூடக் குடுத்து உதவல. அவன் கண்ணுல தண்ணி நின்னுச்சு.

சேதி எலைனுக்கு எப்படியோ போயிடுச்சு. அவ்வளவுதான், பெட்டியில திருவிழா. எலைன் தன் கையால கட்லெட் சுட்டு எடுத்துகினு வந்தா. விநாயக் ஜன்னல் சீட்டை விட்டுக் குடுத்தான். வர்ற ஞாயித்துக்கிழமை ஹூப்ளிக்காரங்களோட கோட்டைச் சண்டை, அவங்க முரட்டுக் கூட்டம், இந்தக் கேடயத்தை நான் புடிச்சுகினு முன்னாடி நின்னா கோட்டை நம்மளுதுன்னு எலைன் அடிச்சுச் சொன்னா. குடுப்பியா மாட்டியான்னு கேக்கவே இல்ல. கேக்கணும்னு அவளுக்குத் தோணக்கூட இல்ல. நீ செஞ்சது சூப்பர் ஷெர்வின்னு மட்டும் நாலு தடவை சொன்னா.

அந்தச் சூப்பர்தான் அவனைக் குத்திச்சு. இவ கேடயத்துக்குச் சொல்றாளா, சீட்டுக்குச் சொல்றாளா? இட்லி குண்டான் மூடியை எடுத்து நீட்டினாலும் இதே வாயால சூப்பர்னு சொல்லி மாட்டிக்குவாங்களே. மாட்டிகினாங்களே, கழுதைக்கு. இவங்ககிட்ட குடுத்தா இது நல்ல கேடயமான்னு அவனுக்குச் சாகுற வரைக்கும் தெரியாது. ஞாயித்துக்கிழமை பாக்கலாம்கான்னு மட்டும் சொல்லிட்டுக் கட்லெட்டைத் தின்னான். கட்லெட் நல்லாத்தான் இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை காலை ஆராதனை. எலைன் முன்னாடி பாடகர் குழுவுல வெள்ளை அங்கி போட்டுகினு நிக்கிறா. போனைத் தொட முடியாது. உதயும் விநாயக்கும் ஆறு நாள் விடியக்காலை எழுந்த அசதிக்கு வீட்ல குறட்டை விடுவாங்க. ஷெர்வின் கடைசி பெஞ்சுல, அப்பா பக்கத்துல உக்காந்து, பாட்டுப் புஸ்தகத்துக்குள்ள போனை வச்சுகினான். பாஸ்டர் பிரசங்கத்தை ஆரம்பிச்சார். இவன் கேடயத்தைச் சந்தையில வச்சான். யாரும் வாங்கலேன்னா? அதைவிட, உதய் தூக்கம் கலைஞ்சு பாத்து வாங்கிட்டான்னா? புஸ்தகத்தை மூடிட்டான். கண்ணையும் மூடினான். ஜெபம் பண்ற மாதிரி இருந்துச்சு, உண்மையில ஜெபம்தான் பண்ணினான்.

திறந்து பாத்தப்போ கேடயம் இல்ல. வித்துப் போச்சு. வாங்கினவன் பேரு கரிகோணா, கன்னடத்துல கறுப்பு எருமைக்கடா. ஷெர்வினுக்கு மறுபடி சந்தேகம், இதுவும் உதயோட இன்னொரு பேரான்னு. தோண்டிப் பாத்தான். இல்ல. ஹூப்ளிக் கூட்டத்துல முன்னாடி நிக்கிற ஆளு, பேரு வாங்கின சண்டைக்காரன். இவன் யாருன்னு அவனுக்குத் தெரியாது. குசலம் இல்ல, பேரம் இல்ல, நல்லா செஞ்சிருக்கேன்னு ஒரு வார்த்தை இல்ல. பாத்தான், பிடிச்சுது, எடுத்துகினு போயிட்டான். ஷெர்வினுக்கு அழுகை பொத்துகினு வந்துச்சு. அது சந்தோஷம், வேற ஒண்ணும் இல்ல. அவன் தோள் குலுங்குறதைப் பாத்த ஹரோல்ட், பிரசங்கம் மகனைத் தொட்டுடுச்சுன்னு நெனச்சு அவன் முதுகைத் தடவிக் குடுத்தார். ஆராதனை முடிஞ்சதும் வாசல்ல நின்னு, வாலிபப் பசங்களுக்கு உறைக்கிற மாதிரி பேசுங்கன்னு பாஸ்டர்கிட்ட நான்தான் ஒரு வார்த்தை சொல்லி வச்சேன்னு நாலு பேர்கிட்ட சொன்னார்.

துரோகம்தான், இல்லேன்னு சொல்ல வரல. சண்டை மதியம், பிரியாணி ஆனப்புறம். காதுல ஹெட்போனை மாட்டிகினு மாரிக்குப்பம் பாசஞ்சர் மொத்தமும் கோட்டை வாசல்ல கூடிச்சு. கேடயம் எங்கேன்னு எலைன் கேட்டா. ஷெர்வின் வாயைத் திறக்கிறதுக்குள்ள வாசல் திறந்து ஹூப்ளிக்காரங்க வந்துட்டாங்க. முன்னாடி வந்தவன் கையில கறுப்பா ஒண்ணு இருந்துச்சு.

எலைன் கத்தியை வீசினா. டொய்ங்குன்னு திரும்பி வந்துச்சு. உதய் விட்ட அம்பு பூரா தெறிச்சு விழுந்துச்சு. விநாயக் கோடாலியால ஓங்கி அடிச்சான், கோடாலிதான் ஒடைஞ்சுது. கரிகோணா ஒரு அடி பின்னால வைக்கல. சுவரு நடந்து வர்ற மாதிரி வந்தான். ஷெர்வின் பச்சை வெளிச்சம் விடணும், அதுதானே அவன் வேலை, மறந்தே போயிட்டான். அந்தக் கேடயத்துல ஒரு கீறல் விழுதான்னு பாத்துகினே நின்னான். விழல. கூட்டாளிங்க ஒவ்வொருத்தரா சாயுறாங்க, இவனுக்கு வாயெல்லாம் பல்லு. கடைசியா கரிகோணா இவன்கிட்ட வந்து, கேடயத்தாலேயே ஒரே இடி இடிச்சான். அந்த இடியில வைத்தியன் காலி. தரையில கிடந்த மேனிக்கு அண்ணாந்து பாத்தான், அதும் அடியில அவன் பேரு தெரிஞ்சுது. கோட்டை போச்சு. மூணு மாசம் பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் அந்த ஒரு மதியத்துல போச்சு.

இன்னாத்துக்குத் தனியா சிரிக்கிறேன்னு ரெபேக்கா கேட்டா. தோத்துட்டோம்னான். வித்த விஷயத்தை அப்பாகிட்ட அவனே போய்ச் சொன்னான். வாங்கினது யாரு, நம்ம ஆளான்னு ஹரோல்ட் விசாரிச்சார். இல்லப்பா, யாருன்னே தெரியாதுன்னான். பெரியவருக்கு ஒண்ணும் புரியல. யாருன்னே தெரியாதவனுக்கு வித்து இன்னா பிரயோஜனம், நாளைக்கு ஒரு காரியம்னா அவன் வருவானான்னு கேட்டுட்டு, மகன் மூஞ்சியில இருந்த சந்தோஷத்தைப் பாத்துக் கொழம்பிப் போய்த் திண்டாடினார்.

திங்கக்கிழமை காலையில ஷெர்வின் எப்பவும்போல ஏறி, எப்பவும்போல துண்டையும் குடையையும் போட்டான். சாம்பியன்ல எலைன் ஏறினா. குடையை எடுத்து அவன்கிட்ட குடுத்துட்டு உக்காந்தா. ஊர்காம்ல உதய், கோரமண்டல்ல விநாயக். எல்லார் மூஞ்சியும் எழவு வீட்டு மூஞ்சி. பங்காருபேட்டையில கூட்டம் திபுதிபுன்னு ஏறிச்சு. ஒரு பெரியவர் விநாயக் சீட்டுல கை வச்சு, தள்ளி உக்காருங்கன்னு கன்னடத்துல ஜரகி, ஜரகின்னார். ஷெர்வின், ஆள் கீறாங்கன்னு அவரை அனுப்பி வச்சான். வண்டி கிளம்பினப்புறம்தான் எலைன் வாயைத் திறந்தா. கோவத்துல அவ கண்ணு கலங்கியிருந்துச்சு.

"கூடவே உக்காந்துகினு வரோம், ஒண்ணா சாப்பிடுறோம். எங்களை விட்டுட்டு எவனோ ஒரு ஹூப்ளிக்காரனுக்கு ஏன்டா குடுத்தே?"

ஷெர்வின் அவளைப் பாத்தான். கோவமா இல்ல, குத்திக் காட்டவும் இல்ல, கேட்டதுக்குப் பதில் சொல்ற மாதிரிதான் சொன்னான்.

"அவனுக்கு என்கிட்ட சீட்டு வேணாம்கா."

உதய் தலையைக் குனிஞ்சுகினான். விநாயக்குக்கு சிரிப்பு வரல. சொல்லப் போனா அவங்களுக்கு உறைச்சுதுதான், மூஞ்சியிலயே தெரிஞ்சுது. ஆனா யாரும் எழுந்து நிக்கல. பெங்களூர் வரைக்கும் உக்காந்துதான் போனாங்க.